மூன்றாம் மாடியில் சர்பத்

மேல்நிலைத் தேர்வு முடிவு வரும் நாள். மாடிப்படியில் குலவைச் சத்தம் கேட்டதுமே, மூன்றாம் மாடி ஷாஹினாஸ் மேடத்தின் மகன் ஹைஸமுக்கு மருத்துவப் படிப்பு கிடைத்துவிட்டது என்று கெய்ரோவின் அந்தக் கட்டடமே முடிவு செய்தது. ஏழு பாடத்துக்கு ஏழு டியூஷன் வைத்தால் வேறென்ன கிடைக்கும்? வீட்டில் நெட் படுத்துவிட்டதால் அவன் முடிவு பார்க்க வெளியே போயிருந்தான். கீழே வந்து சொல்லியிருப்பான், யாரோ குலவை போட்டிருப்பார்கள் என்று மேடமும் நம்பிவிட்டார்.

வாழ்த்த வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் காவல்காரர் மகள் நஜாத்தைக் கூப்பிட்டு, சர்பத் தட்டைக் கையில் கொடுத்தார். அவளும் அதே தேர்வை எழுதியவள்தான். இரண்டு நிமிடத்துக்கொரு முறை அணைகிற மாடிப்படி விளக்கைத் தட்டித் தட்டிப் படித்தவள். அவளுக்கும் டாக்டர் ஆசை.

"கண்ணெல்லாம் சிவந்திருக்கே, அழுதியா?" என்றார் இரண்டாம் மாடி இன்ஷிராஹ்.

"ஆமா ஆன்ட்டி."

"விடு. நாளைக்கு ஹைஸம் கிளினிக் வச்சா, டோக்கன் குடுக்கிற வேலை உனக்குத்தான்."

"அவரு வரட்டும் ஆன்ட்டி, கேட்டுக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் ஹைஸம் வந்தான். கூட்டத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அறுபத்தெட்டு பர்சென்ட்தாம்மா. இவங்களையெல்லாம் யாரு கூப்பிட்டா?"

மேடத்துக்கு முகம் வெளுத்தது. "அப்போ குலவை போட்டது யாரு?"

"எங்கம்மா," என்றாள் நஜாத். "எனக்குத் தொண்ணூத்தேழு வந்திருக்கு மேடம். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதுட்டிருந்தோம், அதுக்குள்ள நீங்க கூப்பிட்டுட்டீங்க."

அவள் தட்டை இன்ஷிராஹ் பக்கம் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க ஆன்ட்டி. டாக்டருக்கான சர்பத்துதான். மாடி மட்டும் மாறிப்போச்சு."