117-ஆம் டவரின் வளைவு

வீடுகளுக்கு மின்சாரம் கம்பியில்லாமலே வரத் தொடங்கியதும் மின் டவர்களைக் கழற்றினார்கள். அவற்றைத் திட்டமிட்ட ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஞானசிகாமணியை, பழைய பதிவுகளைச் சரிபார்க்கும் இயந்திரம் அழைத்தது.

“சார், 117-ஆம் டவரில் லைனை வளைத்தது மண்ணுக்கடியில் இருக்கும் பாறைக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பாறையே இல்லை.”

“இல்லதான். ஒரு வீடு இருந்துச்சு. வீடுன்னா இடிக்கச் சொல்வாங்க. பாறைன்னாத்தான் வளைக்க விடுவாங்க.”

“பொய்ப் பதிவு என்று குறிக்கட்டுமா?”

நாற்பது வருட வேலையில் அவர்மேல் ஒரு கறை கிடையாது.

“குறிச்சுக்கோ,” என்றார்.

சமையலறையிலிருந்து மனைவி செண்பகவல்லி வந்தாள். இடிபடாமல் தப்பிய அந்த வீடு அவள் பிறந்த வீடு.

“ஏங்க, எங்க வீட்டைக் காப்பாத்த அந்தப் பாறையை வச்சது பிள்ளையார்னு வருஷா வருஷம் தேங்காய் உடைச்சேனே!”

“சட்னி நல்லாத்தான் இருந்துச்சு.”

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தேங்காயை அவர் நாற்காலிக்கு முன்னால் உடைத்தாள்.