கம்பி கழற்றாத ஆலங்கன்று

வேலைக்காக வெளிநாடு போன கணவன், தினமும் மனைவிக்கு போன் போட்டு முதலில் விசாரித்தது தன் போன்சாய் ஆலங்கன்றைத்தான்.

"கிளையை வளைக்கக் கட்டின கம்பியைக் கழட்டிட்டியா? விட்டா பட்டையில பதிஞ்சு தழும்பாயிடும்!"

"அப்பவே கழட்டிட்டேங்க. புதுசா துளிர்கூட விட்டிருக்கு."

சொல்லாமல் கொள்ளாமல் ஊர் திரும்பியவன், தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து நேராக மாடிக்கு ஓடினான். பட்டைக்குள் கம்பி புதைந்து கிடந்தது. பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு.

"பொய்யா சொன்னே? எங்கடி இருக்கே?"

பூவாளியோடு படியேறி வந்தாள் பக்கத்து வீட்டு அக்கா.

"என்னைத் தண்ணி மட்டும்தான் ஊத்தச் சொன்னா தம்பி. துளிர் விட்டா போன்ல சொல்லச் சொன்னா."

"அவ எங்கே அக்கா?"

"நீ கிளம்பின வாரமே ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டா. படுத்த படுக்கைதான். உன் போன் வந்தா மட்டும், குரல்ல தெரிஞ்சுடக் கூடாதுன்னு நர்ஸைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து உக்காருவா."