தையற்காரி வீட்டுப் பதுங்குகுழி

அபாயச் சங்கு ஊதினால் போதும், பஸ் டிரைவர் தன் மனைவியைத் தெருப் பதுங்குகுழியில் இறக்கிவிட்டு, அடுத்த தெருத் தையற்காரி வீட்டுக் குழிக்குக் குண்டைவிட வேகமாகப் பறப்பார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூக்கு வேர்த்தது. அந்த வேர்வையில் குழியே நிரம்பியிருக்கும்!

“ஏன்டி, உன் புருஷனுக்கு மட்டும் இங்க இடமில்லையா? அங்க போய் அப்படி என்னத்தைத் தைக்கிறாராம்?”

“நான்தான்க்கா அனுப்புறேன்.”

“நீயேவா? உனக்கென்ன பைத்தியமா?”

“ரெண்டு பேரும் ஒரே குழியில இருந்து, அதுமேலயே குண்டு விழுந்துட்டா? விடுதியில படிக்கிற புள்ளைக்கு ஒருத்தராவது மிஞ்சணும்ல?”

அக்காவின் மகனும் அதே விடுதியில்தான் இருந்தான்.

மறுநாளும் சங்கு ஊதியது. மூச்சிரைக்க ஓடிவந்து பக்கத்தில் உட்காரப்போன தன் கணவரை அக்கா மறித்தாள்.

“உங்களுக்கு இங்க என்ன வேலை? தையற்காரி வீட்டுக்கு ஓடுங்க!”