அறுபத்திரண்டாம் புளியமரம்

1987 செப்டம்பர். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குக் கிளம்பிய எங்கள் பச்சை பஸ்ஸை டிரைவர் நிழலில் ஒதுக்கினார். தூங்கிய மகளை சீட்டிலேயே படுக்கவிட்டு, தண்ணீர் கேட்டு எதிரிலிருந்த ஓர் ஓவியரின் நினைவு இல்லத்துக்குப் போனேன்.

ஓவியர் இறந்து பதினாறு வருடமாம். சுவரெங்கும் முறுக்கிய சிவப்பு மரங்கள், வாயில்லாத முகங்கள். கடைசிப் படத்தில் ஒரு புளியமரம் பச்சை பஸ் ஒன்றை நசுக்கிக்கொண்டு கிடந்தது. அடிமரத்தில் நெடுஞ்சாலைத் துறை எழுதுகிற எண்: 62.

"இன்னாங்க, ரோட்டுல வெட்டிப் போட்டிருக்கிற மரமா இது?" என்று காவலாளி அம்மாசியைக் கேட்டேன்.

"அது அறுவத்தொண்ணும்மா. அறுவத்திரெண்டு இன்னும் நிக்கிது. ஒங்க பஸ்ஸு நெழலுக்கு ஒதுங்கிகினு இருக்குதே, அந்த மரம்."

வெளியே கோடாலிச் சத்தம் ஆரம்பித்தது.