ஊரறியப் பிரிந்தார்கள்

கூட்டாளி வளனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவனைச் சூளைச் சுவரில் மோதினான் கார்முகில்.

"இனிமே இந்தப் பீங்கான் கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தமில்ல! எல்லாரும் கேட்டுக்குங்க!"

வளன் ஒரு பீங்கான் பொம்மையை எடுத்து வீசினான். கார்முகிலின் நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. மண் லாரிக்காரரும் மங்கலம்பேட்டைக் கடைக்காரரும் பாய்ந்து விலக்கினார்கள். விலக்கிய கையோடு, சேதியை ஊரெல்லாம் பரப்பக் கிளம்பிவிட்டார்கள்.

கதவைச் சாத்திய வளன், கார்முகிலின் நெற்றியில் துணியை அழுத்தினான்.

"வெடிச்ச பொம்மையாப் பாத்துதான்டா எறிஞ்சேன். இவ்ளோ கிழிக்கும்னு தெரியல."

"பரவால்லடா. கூட்டு முடிஞ்சத வெளியாளுங்களுக்குத் தெரியப்படுத்தணும்னு வக்கீலு சொன்னாரில்ல? பேப்பர்ல போட்டா எவன் படிக்கிறான்? சிரிச்சிக்கிட்டே பிரிஞ்சோம்னா எவன் நம்புவான்?"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கார்முகிலின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"டேய், திங்கக்கெழம ஒந் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் எப்புட்றா வர்றது?"