டிரெய்லருக்கு மூன்று பூட்டு

“திருடனுக்குப் பயந்து பூட்டு போடுறது சரி சார். சாவியையும் என்னையே எடுத்துட்டுப் போகச் சொல்றீங்களே, அதான் புரியல” என்றார் பூட்டுக்காரர்.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காருக்குப் பின்னால் கோத்து இழுக்கிற, குதிரை ஏற்றும் டிரெய்லர் அது. கொக்கிக்கு ஒரு பூட்டு, பின்கதவுக்கு ஒரு பூட்டு, சக்கரத்தைக் கவ்வும் மஞ்சள் இரும்புப் பிடிக்கு ஒரு பூட்டு. மூன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய கை, லேசில் பாஸ் போடாது.

பூட்டுக்காரர் வாயைச் சும்மா வைத்திருக்கும் ஆளில்லை. தேய்ந்த டயர், துருப்பிடித்த கூரை, இதைத் திருடினால் திருடனுக்குத்தான் நஷ்டம் என்றார். யார் மேலாவது சந்தேகம் இருந்தால் போலீசில் சொல்லலாமே என்றும் கேட்டார்.

“சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வருவா. என் பொண்ணு.”

பூட்டுக்காரர் பையை மூடுவதை நிறுத்தினார்.

அதன்பிறகு வாத்தியார் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகள் கல்யாணமாகி நகரத்தில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவாள், அவரைப் பார்க்க அல்ல, கொட்டிலில் நிற்கும் சீமாட்டியைப் பார்க்க. பன்னிரண்டு வயதில் அடம்பிடித்து வாங்கவைத்த குதிரை. ஒரு மணி நேரம் சவாரி, அரை மணி நேரம் தேய்த்துவிடுவது, கிளம்பும்போது வாசலில் நின்றபடியே ஒரு காபி. அந்தக் காபிக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை டிரெய்லர் வேண்டும், டயருக்குக் காற்று அடித்து வையுங்கள், மற்றதை நேரில் சொல்கிறேன் என்றாள். நேரில் சொல்ல என்ன இருக்கிறது? குதிரையைக் கொண்டுபோகப் போகிறாள்.

வேறு டிரெய்லரை வாடகைக்குப் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று பூட்டுக்காரர் கேட்டார். சீமாட்டி குட்டியாக வந்திறங்கியது இதில்தான்; வேறெதிலும் ஏறாது. ஒருமுறை புது டிரெய்லர் கொண்டுவந்தபோது எட்டி உதைத்துக் கதவையே பெயர்த்துவிட்டது. இது நகராதவரை குதிரை நகராது. குதிரை இருக்கும்வரை மகளும் வருவாள்.

பூட்டுக்காரர் மறுநாள் வெளியூர் போகிறவர், புதன்கிழமைதான் திரும்புவார். சாவிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நீங்களே போன் பண்ணிச் சாவியக் கேட்டா?”

“கேப்பேன். அவ முகத்தப் பாத்தா என் மனசு இளகிடும். அதுக்குத்தானே உங்ககிட்ட குடுக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மகள் கொட்டில் பக்கம் திரும்பக்கூட இல்லை. காரை நேராக டிரெய்லருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். மஞ்சள் பிடியைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

வாத்தியார் மூன்று நாளாக மனப்பாடம் செய்த பொய்யை ஒப்பித்தார். அக்கம்பக்கத்தில் திருட்டு பயம், பூட்டுக்காரர் மறதியில் சாவியோடு ஊருக்குப் போய்விட்டார், புதன்கிழமைதான் வருவார்.

அவள் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. முகம் வாடிப்போய் டிரெய்லரின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவருக்குத் தாங்கவில்லை.

“பொய்தாம்மா” என்றார். “நான்தான் பூட்டச் சொன்னேன். சீமாட்டிய நீ கூட்டிட்டுப் போயிட்டா, அப்புறம் எதுக்கு இங்க வரப்போற? உன்னை வாரத்துல ஒரு தடவையாவது பாக்கணும்மா எனக்கு.”

மகள் அவரையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“குதிரைய யாருப்பா கேட்டா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எங்க வாடகை வீட்டக் காலி பண்ணணும். நாங்க ரெண்டு பேரும் உங்ககூடவே வந்து இருக்கறதா முடிவு பண்ணி, கட்டில் பீரோவெல்லாம் இங்க ஏத்திட்டு வரத்தான் டிரெய்லர் கேட்டேன்.”