கீழ்த்தட்டில் சிகரெட்

சோஃபியா நகரில் ஸ்த்ராவ்காவின் கடை நடைபாதைக்குக் கீழே நிலவறையில் இருந்தது. வாங்க வருகிறவர்கள் குந்தி உட்கார்ந்து, தரையை ஒட்டிய ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். ஷூவை வைத்தே அவளுக்கு ஆள் தெரிந்துவிடும். ஞாயிறன்று கடையைச் சாத்திவிட்டு, இடத்தை அடைத்த அலமாரிகளை மாற்றிப் போட்டாள். சிகரெட் கதவுக்குப் பின்னால் கீழ்த்தட்டுக்குப் போனது.

திங்களன்று சிகரெட் கேட்ட எல்லாரும் பழைய இடத்தையே கைகாட்டினார்கள். “எங்கடி ஒளிச்சு வச்ச?” என்றாள் எதிர்வீட்டு யோர்தாங்கா.

பிறகு, கயிறில்லாத பழுப்பு ஷூ வந்து நின்றது. விரல் நேராகக் கதவுப் பக்கம் நீண்டது.

“அங்க வேணாம்மா. குனிஞ்சு குனிஞ்சு உன் இடுப்பு போயிரும். நேத்தே சொன்னேன், நீதான் காதுலயே வாங்கல.”

பழைய வாடிக்கையாளர் மெத்தோடி அண்ணனின் குரல். நேற்று கடைக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை. கடைச் சுவரில், அவர் இறந்த நாற்பதாம் நாளுக்காகப் படம் போட்டு அச்சடித்த அறிவிப்பு மட்டும் ஒட்டியிருந்தது.

சிகரெட்டை எடுக்கக் குனிந்தாள். நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.